அப்பா சீரியஸ், உயிரோடு இருக்கிறார்

மத்தியானம். அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். குடித்தார் என்று சொல்வதுகூட அதிகம்தான். அவர் தலையை நான் மடியில் தாங்கிப் பிடித்திருந்தேன். என் மனைவி செல்வி கரண்டியால் உதட்டோரம் விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. வழிந்ததைத் துடைத்தால் அவருக்குக் கோபம் வந்தது. கோபப்படும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் பஸ் ரோட்டுப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது.

பருத்திக் கொல்லை நடுவே வருகிற ஒற்றையடிப் பாதையில் பெண்கள் கூட்டமாக அழுதுகொண்டு வருகிறார்கள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. காற்று திரும்பினால் அமுங்கியது, மறுபடி கேட்டது. எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் சாகவில்லை. ஊர்த்தெருவில் யாராவது செத்திருந்தால் எங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

அப்பா கரண்டியைக் கையால் தள்ளினார்.

"யாரு வூட்டுலடா?"

"தெரியலப்பா."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். செத்தது ஆணா பெண்ணா, அழுவது மகளா மருமகளா என்பதை ஒப்பாரியை வைத்தே சொல்லிவிடுவார். அவர் தொழிலோடு வந்த காது அது.

"பொண்ணு அழுவுறா. பெத்த அப்பனுக்கு அழுவுறா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம அஞ்சலை கொரலு மாதிரில்ல இருக்கு?" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

அஞ்சலை என் அக்கா. அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டாள். அக்கா அப்படி அழ வேண்டிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் என் மடியில் தலை வைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

முப்பது முடிந்த மாதம்

இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து பத்திரிகை ஆசிரியர் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார். "இருபதுலேர்ந்து முப்பது வரைக்கும் உங்ககிட்ட என்ன மாறுச்சுன்னு ஒரு அத்தியாயம் எழுதுங்க சார். இளைஞர்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்." பிரயோஜனம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபதிலிருந்து முப்பதுக்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தது, ஒரு கல்யாணம் ஆனது, முன்மண்டையில் முடி கொட்டியது. இதில் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆனாலும் கேள்வி உள்ளே கிடந்து அரித்தது. எனக்கு முப்பது முடிந்த மாதத்தில்தான் அந்த மத்தியானம் வந்தது. அந்தப் பத்து வருஷம் என்னை என்ன செய்தது என்று எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் எங்கள் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறேன். அதனால் அதையே எழுதிவிடுகிறேன். இளைஞர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளட்டும்.

அப்பாவின் வேலை

எங்கள் ஊர் குன்னத்துப் பக்கம். பெயர் வேண்டாம். எனக்கு வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மானாவாரிப் பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம், சின்ன வெங்காயம். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். எங்களுக்கு அந்தத் திட்டுகூடச் சொந்தமில்லை. நிலம் இருப்பவன்தானே வானத்தைத் திட்ட முடியும்? நாங்கள் பெரிய வீட்டுக் கொல்லையில் வேலை செய்தவர்கள். குடிசையும் அவர்கள் இடத்தில்தான் இருந்தது.

அப்பா பெயர் மருதை. கொல்லை வேலை போக அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. எழவு சொல்வது. ஊர்த்தெருவில் யார் செத்தாலும் அவர்களுடைய சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் நடந்தே போய்ச் சேதி சொல்லிவிட்டு வர வேண்டும். அது எங்கள் குடும்பத்துக்கு என்று விதித்து வைத்திருந்த வேலை. முடியாது என்று சொல்கிற வழக்கம் கிடையாது. ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்பா அந்தக் கோட்டை அடிவாரத்துக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறார், ஒரு தடவைகூட மேலே ஏறிப் பார்த்ததில்லை. எழவு சொல்லப் போனவன் வேடிக்கை பார்த்தான் என்று பேச்சு வந்துவிடும் என்பார்.

ஒரு வீட்டுக்குப் போனால் வாசலுக்கு வெளியே தெருவில் நின்றுவிடுவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். "இன்ன ஊருலேர்ந்து வரேனுங்க. இன்னாரு தவறிட்டாங்க." உள்ளேயிருந்து அலறல் கிளம்பும். அவர் அடுத்த ஊருக்கு நடக்க ஆரம்பிப்பார்.

பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் "எழவு". "டேய், எழவு வந்துட்டான்டா" என்பார்கள். ஒரு நாள் வாத்தியாரும் சேர்ந்து சிரித்துவிட்டார். செத்தாலும் இந்த வேலைக்கு வரமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரே ஆத்திரத்தில் படித்தது. அறிவுத் தாகம் அது இது என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

காக்கிச் சட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் எனக்குத் தந்தி கொடுக்கிற வேலை கிடைத்தது. காக்கி உடுப்பு, சைக்கிள், தோளில் ஒரு பை. ஊருக்குச் சொல்லப் போனபோது வேண்டுமென்றே காக்கியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன்.

"என்னடா வேல?" என்றார் அப்பா.

"தந்தி குடுக்கறதுப்பா. சேதி வரும். வூடு வூடாப் போயிக் குடுக்கணும்."

"என்ன சேதி?"

நான் காக்கிச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் பெரிய வீட்டு மூத்த மகன் வழியில் நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பன் படியரிசிக்கு எழவு சொன்னான், மவன் கவர்மெண்டுச் சம்பளத்துக்கு எழவு சொல்றான். பரவால்ல மருதை, குடும்பத் தொழில வுடல" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவருக்கு வேறு வழியில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் முகத்தில் அறையலாம் போலிருந்தது. அப்பா முகத்தில்தான்.

மூத்த மகன் சொன்னது பொய்யும் இல்லை. கல்யாண வாழ்த்து, வேலை உத்தரவு என்று சில தந்திகள் வரும்தான். ஆனால் என் சைக்கிள் ஒரு தெருவுக்குள் திரும்பினாலே பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். தாண்டிப் போனால் பெருமூச்சு. நின்றுவிட்டால் உறையைப் பிரிப்பதற்கு முன்பே அழுகை. நான் கிளம்பிய பிறகு சில வீடுகளில் வாசலில் தண்ணீர் தெளிப்பார்கள். தந்திக்காகத் தெளிக்கிறார்களா எனக்காகத் தெளிக்கிறார்களா என்று நின்று விசாரிக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். நான் வாயால் சொல்ல மாட்டேன். தந்தி இங்கிலீஷில் இருக்கும். "படிச்சுச் சொல்லுங்க சார்" என்று காலில் விழாத குறையாகக் கேட்பார்கள். "அது என் வேலை இல்லீங்க. பக்கத்துல யார்ட்டயாச்சும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவேன். அப்பா வாயால் சொன்னவர். நான் தாளைக் கொடுப்பவன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் அரியலூர்த் தெருக்களில் நிமிர்ந்து நடந்தேன். வளர்ந்துவிட்டோம் என்று நான் நினைத்ததும் அதை வைத்துத்தான்.

என்னோடு வேலை பார்த்த காதர் பாய் இதற்கு நேர்மாறு. "மொதல்ல குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்து, அவர்களை உட்காரச் சொல்லி, அப்புறம்தான் உறையையே எடுப்பார். "தம்பி, நீ தந்தி குடுக்கறியா, பேப்பர் வீசறியா?" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

ஒரு சொல் கெட்டுப்போன கதை

இங்கே 'சீரியஸ்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கம் ஒருவர் செத்துப்போனால் செத்துவிட்டார் என்று யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள். 'சீரியஸ், உடனே வரவும்' என்றுதான் அடிப்பார்கள். தூரத்தில் இருப்பவன் தனியாகப் பஸ் பிடித்து வர வேண்டுமே, வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணம். போகப் போக அந்த நல்லெண்ணம் எல்லாருக்கும் தெரிந்துபோனது. சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சிமெண்ட் ஃபாக்டரியில் ஒருவன் இந்தத் தந்தியைக் காட்டி லீவு கேட்டால், "சீரியஸா? அடப் பாவமே, எப்ப எடுக்கறாங்க?" என்று மேஸ்திரி கேட்பார்.

இதில் ஒரு சிக்கல். நிஜமாகவே சீரியஸாகக் கிடப்பவனைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை, நானும்தான்.

பேரன்

அஞ்சலை அக்கா ரெட்டிபாளையத்தில் ஃபாக்டரி வேலைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அங்கே கூரை, துணிக்கொடி, முருங்கை இலை எல்லாவற்றின் மேலும் தூசி படிந்திருக்கும். சோற்றை மூடி வைக்காவிட்டால் பல்லில் நறநறக்கும். அவளுக்கு முதலில் பிறந்தது ஆண் குழந்தை. அப்பா அவனைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். யார் வீட்டு வாசலில் வேண்டுமானாலும் போய் நின்றார். சிரித்துக்கொண்டே ஒரு வாசலில் நின்ற அப்பாவை நான் பார்த்தது அப்போதுதான்.

குழந்தை நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. அப்புறம் இழுப்பு. ஒரு நாள் விடிகாலையில் போய்விட்டான்.

அக்கா வீட்டிலிருந்து ஆள் சைக்கிள் மிதித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தபோது அப்பா பெரிய வீட்டு வாசலில் நின்றிருந்தார். அதே விடிகாலையில் பெரிய வீட்டு ஆத்தாவும் இறந்துபோயிருந்தார். மூத்த மகன் எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பேரன் சேதியைச் சொன்னாராம்.

"கொழந்ததானடா. நீ போயிட்டு வர்ற வரைக்கும் எங்க ஆத்தாளப் போட்டு வச்சிருக்க முடியுமா? மொதல்ல சொல்லிட்டு வந்துடு."

அப்பா நடந்தார். யாரோ ஒருவருடைய சாவை அவர் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ரெட்டிபாளையத்தில் குழந்தையைத் தூக்கினோம். அக்கா அழவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா எங்கடா?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அதற்கப்புறம் அவள் தெருமுனையைப் பார்க்கவில்லை.

மறுநாள் அப்பா வந்து சேர்ந்தார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஊருக்கெல்லாம் எழவு சொல்லப் போனீங்க. எம்புள்ள எழவுக்கு வரல. இனிமே ஒங்க எழவுக்குத்தான் நான் வருவேன். அதுவரைக்கும் நீங்களும் இங்க வராதீங்க."

அப்பா திரும்பி நடந்தார். அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருக்கலாம். போகமாட்டேன் என்றிருந்தால் வேலை போயிருக்கும், குடிசையைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவள் கோபம் ஆறவில்லை என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் அவளுக்குப் பிறந்த பிள்ளைகளை அப்பா பார்த்ததே இல்லை.

நான் எழுதிய தந்தி

வருஷங்கள் போயின. எண்பதுகள் பிறந்து கொஞ்ச நாளில் அப்பாவுக்குக் கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. திருச்சி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டுச் செல்வியோடு ஊருக்கு வந்து உட்கார்ந்தேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"அஞ்சலைய ஒரு தடவ பாத்துட்டாப் போதும்டா."

ஆளனுப்ப முடியாது. எங்கள் தெருவிலிருந்து ஒருவன் போய் ஒரு வாசலில் நின்றால் அது சாவுச் சேதிதான், அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். நானே போகலாம் என்றால் அப்பாவை விட்டு நகரப் பயமாக இருந்தது. அதனால் குன்னத்துக்கு ஓடிப்போய்த் தந்தி எழுதினேன். 'ஃபாதர் சீரியஸ்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல்லின் லட்சணம் எனக்குத் தெரியாதா? யோசித்து, பக்கத்தில் 'அலைவ்' என்று சேர்த்தேன். ஃபாதர் சீரியஸ், அலைவ், கம். அப்பா சீரியஸ், உயிரோடு இருக்கிறார், வா. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தந்தி அடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அரியலூரிலிருந்து அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது காதர் பாய். அங்கே நடந்தது பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும். அக்கா தெருவில் இருந்த ஃபாக்டரி வாட்ச்மேன் ஒருவர் தந்தியை வாங்கிப் படித்தாராம். 'சீரியஸ்' என்ற சொல்லுக்குத் தலையைத் தொங்கப் போட்டாராம். 'அலைவ்' என்ற சொல்லுக்குத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"உசுரோட இருக்கறவனுக்கு, உசுரோட இருக்கான்னு எவனாச்சும் தந்தி அடிப்பானா? போயிட்டாரும்மா ஒங்கப்பா."

காதர் பாய் இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். "அல்லா மேல ஆணையா இருக்காரும்மா, நம்ம தம்பி பொய் எழுத மாட்டான்னு தொண்ட கிழியச் சொன்னேன். எனக்காவ நீங்களும் பொய் சொல்றீங்களே பாய்னு அந்தப் பொண்ணு ரோட்டுலயே ஒக்காந்துடுச்சு. நான் என்னத்தப் பண்ண?"

பத்து வருஷம் மற்றவர்கள் எழுதிய தந்தியைச் சுமந்தேன். நானாக எழுதிய ஒரே தந்தி இப்படிப் போய்ச் சேர்ந்தது.

வாசலில்

ஒப்பாரி கிட்டத்தில் வந்துவிட்டது. இப்போது வார்த்தைகள் கேட்டன.

"என்னப் பெத்த அப்பா…
குன்னத்துக்கு நடந்த காலு
கொல்ல மேடு நடந்த காலு
எம்புள்ளையப் பொதச்ச குழிக்கு
எட்டு வச்சு வரலையே…
வராத காலுக்கு நான்
வழி பாத்துக் கெடந்தேனே…
வையத் தெரியாம
வஞ்சு புட்டேன் எஞ்சாமி…"

அப்பா அசையாமல் கேட்டார். செத்தவனைத் தவிர எல்லாரும் கேட்பதுதான் ஒப்பாரி. அவர் தன்னுடையதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுப் பக்கம் போனது. நான் துடைக்கவில்லை.

"எல்லாத்தயும் சொல்றா" என்றார். அப்புறம், "போயிச் சொல்லு. நான் இன்னும் சாவலன்னு சொல்லு" என்றார்.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். அக்கா தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு கையில் கோடி வேட்டி. செத்தவருக்குப் போர்த்த என்று சம்பந்தி வீட்டிலிருந்து எடுத்து வருகிற புது வேட்டி அது. பக்கத்தில் அவள் மாமியார் வாழையிலையில் சுற்றிய மாலையோடு நின்றார். பின்னால் ரெட்டிபாளையத்துப் பெண்கள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ வுட்டுட்டியேடா தம்பி" என்று கதறினாள்.

என் கையில் தாள் இல்லை.

"அக்கா, அப்பா இருக்காருக்கா."

"எங்கடா கெடத்தியிருக்கீங்க?"

"உசுரோட இருக்காருக்கா. உள்ள கஞ்சி குடிக்கறாரு."

கூட்டம் கப்பென்று அடங்கியது. அக்கா என்னை விட்டு விலகி நின்று பார்த்தாள். நல்ல சேதி சொல்லிவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன். அவள் முகம் ஏன் அப்படிப் போனது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரியவில்லை. மனசில் இருந்ததையெல்லாம் செத்தவருக்கு என்று நினைத்துக் கொட்டிவிட்டாள். உயிரோடு இருப்பவரிடம் அதை அவள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள்.

"பொய்த் தந்தி அடிச்சியாடா?"

"உசுரோட இருக்காருன்னுதான்க்கா அடிச்சேன்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நான் எழவுக்குத்தான் வருவேன்னு சொன்னேன். எழவு இல்லல்ல? கெளம்புறேன்" என்று திரும்பினாள்.

மாமியார் அவள் கையைப் பிடித்தார். "அடியே, கோடிய வூட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவக் கூடாதுடி. புள்ளைங்க இருக்கற வூடு."

அக்கா அதை என் பக்கம் நீட்டினாள். அப்பா உயிரோடு இருக்கும்போது அதை நான் எப்படி வாங்குவேன்? கீழே வைக்கவும் கூடாது. வேட்டி அவள் கையிலேயே இருந்தது.

உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது.

"எனக்கு எடுத்ததுதான? கொண்டாங்க, கட்டிக்கறேன்."

செல்வி, "அய்யோ மாமா, வேணாம்" என்று அழுதாள். அவர் கேட்கவில்லை. கோடியை வாங்கிப்போய், பழைய வேட்டியை அவிழ்த்துவிட்டு, நாங்களே கட்டிவிட்டோம். மடிப்புக் கலையாத புதுத்துணி அவர் இடுப்பில் நிற்காமல் சரிந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தோம். பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டப் பார்த்தார், விரல் கூடவில்லை. நான் கட்டிவிட்டேன். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெட்டிபாளையத்துல எம்பேரன் தவறிட்டானுங்க."

மூச்சு வாங்கியது. நிறுத்தி மறுபடி சொன்னார்.

"அஞ்சலை மவன். இப்பத்தான் நடக்க ஆரம்பிச்ச புள்ள. அந்தச் சேதிய நான் ஒரு ஊருக்கும் சொல்லலீங்க."

அக்கா நின்ற இடத்திலேயே மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் வந்தது ஒரு சத்தம். குழந்தையைத் தூக்கிய அன்றைக்கு வந்திருக்க வேண்டிய சத்தம். அப்பாவுக்கு அழ வந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து அந்தக் குழந்தைக்கு அழுதார்கள். எங்கள் தெருவே வந்து உட்கார்ந்தது. அப்பாவை வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார வைத்தேன். அவர் கடைசிவரை இருந்து கேட்டார்.

சாயங்காலப் பஸ்ஸுக்கு அக்கா கிளம்பிவிட்டாள். வீட்டுக்குள் வரவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது செல்வியிடம் மட்டும், "கஞ்சியில உப்பக் கொறச்சுப் போடு. காலு வீங்கியிருக்குல்ல" என்று சொன்னாள்.

சொன்னேன்

அப்புறம் அப்பா கொஞ்ச நாள்தான் இருந்தார். அந்த வேட்டியை மாற்ற விடவில்லை. ஒரு காலை வேளையில் செல்வி கஞ்சியோடு போனபோது அவர் இல்லை.

தெருவில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அஞ்சலைக்குத் தந்தி அடி என்றார்கள் சிலர். எந்தச் சொல்லை எழுதுவது? ஆளனுப்பு என்றார்கள் சிலர். எங்கள் தெருவில் எழவு சொல்லப் போகிற ஆள் உள்ளே கட்டிலில் கிடந்தார். காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. நான் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ வீடுகளில் அந்தத் தாளைக் கையில் திணித்துவிட்டு ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்துக்குத்தான் வளர்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன். முப்பது வயதில் என்ன ஆனேன் என்று கேட்டால், அப்பா நின்ற இடத்தில் போய் நின்றேன். பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு அது வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது.

அக்கா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

"எழுதி எதுவும் எடுத்தாரலியா?"

"இல்லக்கா."

"அப்ப வாயத் தொறந்து சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவேன்."

"அப்பா செத்துட்டாருக்கா."

அவள் சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதது. அவள் கையைக் கழுவினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் வந்து சேர்றதுக்குள்ள எடுத்துடுவாங்களா?"

"மாட்டோம். நீ வர்ற வரைக்கும் வச்சிருப்போம்."